ஜப்பான் மீனுக்கு வந்த நோய்

பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பெரிய எனாமல் பேசினில் ஒரு முழ நீளச் சிவப்பு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. எதிரே, நனைந்த சாக்கின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் டீமேக்கர் ஐயா. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது மருந்து கொடுப்பவன். டாக்டருக்குப் படித்தவனல்ல, ஆனாலும் லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் டாக்டர் ஐயா என்றே கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. டீமேக்கர் ஐயா தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது விட்டுச்சென்ற ஜப்பான் மீன்களைத் தன் வீட்டுக்குப் பின்னால் சீமெந்துக் குளம் கட்டி வளர்த்தார். புதிய துரையும் விருந்தாளிகளைக் கூட்டிவந்து அவற்றைக் காட்டிப் பெருமைப்படுவார்.

அது அடைமழைக் காலம். மேல் லயத்துப் பிள்ளைகளுக்கு நாலைந்து நாளாக வாந்தி. ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சாடியிலிருந்து ஒரே மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். குளிர், தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணத்தையும் நானே சொல்லிக்கொண்டேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் இரண்டு வயது மகனை இரண்டாம் முறையும் கொண்டுவந்தாள். அன்று மாலையே அவன் இறந்துபோனான். வாந்திபேதி என்று புத்தகத்தில் எழுதினேன். லயத்துக்கு ஏறிப்போய் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பையனைப் புதைத்த இரண்டாம் நாள் டீமேக்கர் ஐயா வந்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க டாக்டரே, நம்ம செவப்பி மூச்சு விட முடியாம தவிக்கிறா" என்றார்.

"மீனுக்கு நாடி எங்க இருக்குன்னு நான் படிக்கலீங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போய் மீனைப் பார்த்த பிறகு எனக்கே ஓர் அக்கறை வந்துவிட்டது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் சளி படிந்த வழவழப்பு. புண் இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை, பூச்சியும் இல்லை. கூரையில் பிடித்த மழைத் தண்ணீரைப் பேசினில் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்புக் கரைத்து மீனை விட்டோம். மறுநாள் நிமிர்ந்து நீந்தியது. குளத்தில் விட்டால் மதியத்துக்குள் மறுபடி சாய்ந்தது. திரும்பப் பேசினுக்கு மாற்றினோம், தேறியது. நோய் மீனிடம் இல்லை, தண்ணீரில் என்று அப்போதுதான் உறைத்தது.

குளத்துக்கு வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே மழையில் மலையேறினேன். அது பீலியில் போய் முடிந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் விழும் அந்த இடத்தில் கல்லெல்லாம் வெளிறிய நீலக் கறை. தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த நீல மருந்து அடிப்பவர்கள் பீப்பாய்களை அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேல் லயத்துக்குப் போகும் குடிதண்ணீர்க் குழாயும் அதே பீலியில்தான் தொடங்கியது. அழுகை வரவில்லை. மரக்க ஊசி போட்ட இடம் போல உள்ளே எல்லாம் மரத்துவிட்டது. அந்த மரப்பு இன்றுவரை முழுதாக விடவில்லை.

இறங்கிவந்து டீமேக்கர் ஐயாவிடம் பையனைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேசினிலிருந்த மீனை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பிள்ளைங்கன்னு சொன்னா, நாளைக்குப் பாக்கலாம்பாரு தொரை. மீனுன்னு சொல்றேன், இருங்க" என்று பங்களாவுக்குப் போனார்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் பதியும்போதே கங்காணிமார் உத்தரவைச் சொன்னார்கள். மீனுக்கு ஆகாது, பீலியில் இனி யாரும் பீப்பாய் கழுவக் கூடாது. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றே நாளில் லயத்தில் வாந்தி நின்றது. செவப்பியும் பிழைத்துக்கொண்டாள்.

டீமேக்கர் ஐயா போய்ச்சேர்ந்து வெகுகாலமாகிறது. அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். துரையைச் சரியாக அறிந்துவைத்திருந்தார். இப்போது பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டு எல்லாரையும் அரித்தெடுக்கிறேன். கிழவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

உத்தரவு வந்த வாரக் கடைசியில், பையனைப் பறிகொடுத்த அந்தப் பெண் மிச்ச மருந்தோடு போத்தலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பீலி விஷயம் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. போத்தலை மேசையில் வைத்தாள்.

"அந்த மீனு ஒரு வாரம் முந்தி சீக்குல விழுந்திருக்கக் கூடாதாங்க, ஐயா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. மருந்து எத்தனை வேளை என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.