காது பார்க்கிறவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதருக்கு அதில் கோபம் கிடையாது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. இணையதளம் வைக்க இடம் வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனம் அது. புதிதாகச் சேர வருகிறவர்கள் பணம் கட்டும் கார்டில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா, அட்டையில் உள்ள முகமும் அனுப்பிய படத்தில் உள்ள முகமும் ஒருவருடையதுதானா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. திருட்டுக் கார்டில் இடம் பிடித்து ஊரை ஏமாற்றுகிற கூட்டம் ஏராளம். பதினோரு வருடத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருத்தன் உள்ளே போனதில்லை.

அவர் நம்பியது காதை. கன்னம் ஒட்டும், தாடி வரும் போகும், காது மட்டும் அப்படியே இருக்கும் என்பார். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும்கூட அவர் பார்வை அங்கேதான் போகும். "மனுஷங்க சொல்றத என்னைக்காவது காது கொடுத்துக் கேட்டிருக்கீங்களா? அவங்க காதத்தான் பாத்துட்டிருப்பீங்க" என்று மனைவி வாருவாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. தளம் எதற்கு என்ற கட்டத்தில், 'என் மகளுக்கு என் குரலில் கதை சொல்ல' என்று எழுதியிருந்தாள். கீழே, 'கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்' என்று ஒரு வரி. அவசரப்படுத்துகிறவர்கள் மேல் இவருக்கு எப்போதுமே சந்தேகம். கார்டு வேறு அவள் கணவன் பெயரில் இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

ஐந்து நாள் கழித்துத் தன் பெயரிலேயே கார்டு வாங்கிப் போட்டாள். விதிப்படி, ஒரு கையில் அட்டையும் இன்னொரு கையில் அன்றைய தேதி எழுதிய தாளும் பிடித்துக்கொண்டு எடுத்த படமும் வந்தது. அட்டையில் இருந்தவளுக்குப் பூரித்த கன்னம். படத்தில் இருந்தவள் எலும்பும் தோலுமாக, தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். காது தெரியவில்லை. எல்லோருக்கும் அனுப்பவென்று எழுதி வைத்திருந்த கடிதங்களில் நான்காம் எண்ணை யோசிக்காமல் தட்டிவிட்டார்: தலையை மூடியிருப்பதை எடுத்துவிட்டுப் படம் அனுப்பவும்.

விண்ணப்பம் வந்த பதினோராவது நாள் அந்தப் படம் வந்தது. தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. வலது காதின் மேல் விளிம்பில், எலி கடித்தது போல ஒரு சின்னப் பள்ளம். அட்டையிலும் அதே பள்ளம். அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த நிமிடமே அனுமதி கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பிடும்போது அவள் தளத்தைத் திறந்து பார்ப்பார். 'இந்தப் பக்கம் விரைவில் வரும்' என்றே இருந்தது. ஒன்றரை மாதம் அப்படியே இருந்தது.

பிறகு கணக்கை மூடச் சொல்லி அவள் கணவன் எழுதினான். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வீட்டார் வீடியோவில் வர வேண்டும் என்பது விதி. போனில் வந்தான், சான்றிதழைக் காட்டினான், கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை இவர் கேட்டார். கதைகளை வேறு எங்காவது பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறாளா?

"இல்லீங்க. போன்லயாவது பேசி வைன்னு சொன்னேன். இடம் கிடைக்கட்டும், அதுலயே பேசுறேன்னா. கிடைச்சப்ப அவளுக்குக் குரல் போயிடுச்சு."

தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்று இவர் சொன்னார். அந்தக் கடிதங்களை அனுப்பியது தான்தான் என்றும் சொன்னார்.

"மெஷின் அனுப்புதுன்னுல்ல நினைச்சோம்" என்றான். "அதுகிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லி என்ன ஆகப்போகுதுன்னுதான் அந்தத் துணிய அவுத்தா. மனுஷன் பாக்குறாருன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா."

அவன் குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவரால் தாங்கியிருக்க முடியும்.

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அப்பா மடியில் ஏறி, யார் பேசுகிறார்கள் என்று கேட்டது. அம்மா இடம் வாங்கின ஆபீஸ்காரர் என்றான். அவ்வளவுதான், அது அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டது. அதில்தான் கதை வரும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாளாம். குழந்தை போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டது.

பூதக்கண்ணாடியின் திரை முழுக்க ஒரு சின்னக் காது. மேல் விளிம்பில் அதே பள்ளம். குழந்தை காதை எடுக்காமல் காத்திருந்தது.