இஸ்திரிக்குப் போன இலைகள்

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு டெய்லரக்கா என்றுதான் பெயர். தபால்காரர் வந்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பாதி ஆயுளுக்கு மெஷின் மிதித்தவள். வாயும் கத்தரிக்கோல்தான். ஒருமுறை லிஃப்டில் என் புதுச் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு சார் தச்சது? உங்க மேல அவருக்கு ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். அந்தச் சட்டையை அப்புறம் நான் போடவே இல்லை.

அவளுக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் காலையில் மட்டும் விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் வழிக்கு வரும். பிறகு மதியம்வரை வரவில்லை. பிறகு மணிக்கட்டு வீங்கியது, கணுக்கால் வீங்கியது. கடை முதலாளி நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டு மெஷின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அதன்பின் நாள் பூரா ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள்.

எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் போனாள். "அக்கா, எனக்கு எம்பிராய்டரி சொல்லிக் குடுங்க" என்று ஒரு சனிக்கிழமை மதியம் ஊசி நூலோடு போய் உட்கார்ந்துகொண்டாள். மேல்மாடியில் இருக்கும் அழகு நிலையக்காரி, எங்கள் வாயில் பார்லர்காரி, அவளும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"குனிஞ்சே இருக்கணும், கழுத்து போயிடும்" என்று டெய்லரக்கா பயமுறுத்தினாள்.

"நாள் பூரா அடுத்தவங்க புருவத்தக் குனிஞ்சு குனிஞ்சு நூல்ல பிடுங்குறவ நான். எனக்கா கழுத்து வலி?" என்றாள் பார்லர்காரி. டெய்லரக்கா பல மாதத்துக்கப்புறம் சிரித்தாள்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் அவள் ஒரு பெரிய மரம் வரைந்தாள். அடிமரமும் கிளைகளும் மற்ற இருவருக்கு. இலைகள் மட்டும் தனக்கு. "இலைல யாரும் கை வைக்கக் கூடாது. அது என்னுது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நடு நரம்பின் இரு பக்கமும் நூலோடு நூல் ஒட்டிச் சரிந்து படிய வேண்டும், துணி தெரியவே கூடாது. அந்த வேலை கைக்கு வந்தால் கை இன்னும் தன்னுடையதுதான் என்பது அவள் கணக்கு.

அடிக்கிளை இலைகள் அழகாக வந்தன. அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். அவரே என்னை நிறுத்தி, "வீட்ல சிரிக்கிறா சார்" என்றார்.

அப்புறம் கை கெட்டது. ஒரு சனிக்கிழமை தைத்து முடித்த இலையைப் பார்த்து, "ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு" என்று டெய்லரக்காவே சட்டத்தைத் தள்ளிவிட்டாள். கண் கலங்கிவிட்டது. டீச்சருக்குத் தாங்கவில்லை. "இஸ்திரி போட்டா படிஞ்சிடும்கா. உங்களால பெட்டியத் தூக்க முடியாது, குடுங்க, நான் போட்டுட்டு வர்றேன்" என்று துணியைக் கழற்றி எடுத்துப் போனாள். மறுநாள் தன் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, பார்லர்காரியையும் கூப்பிட்டு, அந்த இலையைப் பிரித்துப் புதிதாகத் தைத்தாள். இஸ்திரியும் போட்டு, சட்டத்தில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

தொழில் தெரிந்தவள் எப்படி ஏமாந்தாள் என்று நானும் கேட்டிருக்கிறேன். தையல்காரர்களுக்கு இஸ்திரிப் பெட்டிமேல் இருக்கும் நம்பிக்கை நமக்குப் புரியாது. கோணல் காலரும் சுருங்கின விளிம்பும் சூடு பட்டதும் அடங்குவதைத் தினமும் பார்த்தவள். கடையில் புதிதாகச் சேர்ந்து சொதப்புகிற பெண்களிடம், "அழாத, இஸ்திரிக்குப் போனா சரியாயிடும்" என்று அவளே சொல்வாளாம். அதோடு, நம்ப ஆசைப்பட்டாள். சட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மணிக்கட்டில் அதற்குத் தெம்பு இல்லை.

வாராவாரம் இதே கூத்து. சனிக்கிழமை அவள் கோணலாகத் தைப்பாள், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பிரித்துத் தைப்பார்கள், திங்கட்கிழமை இலை பளிச்சென்று திரும்பி வரும்.

அந்தச் சமயத்தில் டாக்டரிடம் போனாள். மாத்திரை போதவில்லை போலிருக்கிறது, பெரிய ஊசி ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த ஊசி என்றாலே நடுக்கம். கணவரின் போனைப் பிடுங்கி மரத்தின் படத்தைக் காட்டினாள். "வலி இருக்கு டாக்டர். ஆனா பாருங்க, போன வாரம் தச்சது. கை திரும்பி வருது." டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்துபோனார். "இவ்ளோ நுணுக்கமா முடியுதுன்னா ஊசி இப்ப வேணாம். இதே மாத்திரைய ஓட்டுவோம்" என்றார்.

வந்து இதை அவள் பெருமையாகச் சொன்னபோது டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. படிக்கட்டில் பார்லர்காரியைப் பிடித்து, "சொல்லிடலாமா?" என்றாள்.

"இப்ப சொன்னா உடைஞ்சிடுவாங்க. மரம் முடியட்டும்."

இரண்டு பேரும் தங்கமான பெண்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் பிறகு கேள்விப்பட்டபோது இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைய வேண்டும் போல இருந்தது. நல்லது செய்யக் கிளம்புகிறவர்களைக் கண்டாலே அப்போதிலிருந்து எனக்குக் கொஞ்சம் பயம்.

மரம் முடிய ஆறேழு மாதம் ஆயிற்று. சுவரில் மாட்டக் கொக்கி அடிப்பதற்காகக் கணவர் சட்டத்தைக் கட்டில்மேல் கவிழ்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த டெய்லரக்கா பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தாள்.

அவள் தையலில் முடிச்சே இருக்காது. முடிச்சு பிள்ளைகளின் தோலை உரசும் என்று, நூல் முனையைத் தையலுக்கடியில் நுழைத்து மறைப்பதுதான் அவள் வழக்கம். ஆனால் துணியின் பின்பக்கம், அவளுடைய இலைகளுக்கடியில், மிளகு கொட்டினதுபோல எங்கே பார்த்தாலும் முடிச்சு. அடிக்கிளை இலைகள் மட்டும் சுத்தமாக இருந்தன. "ஆணி அடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு அரிச்சிருக்கும்மா. ஊசி போட்டா இனிமே பரவாமப் பாத்துக்கலாம். மடங்கின விரல் நிமிராது" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை டீச்சரும் பார்லர்காரியும் வந்தார்கள். சட்டம் கவிழ்த்தபடியே கிடந்ததைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது. டீச்சர் நின்ற இடத்திலேயே அழுதாள். "நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான்கா..."

"சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றாள் டெய்லரக்கா. "என் வலிய நான் நம்பல. உங்க இலைய நம்பினேன்."

பார்லர்காரியிடம் அன்று ஒரு நக்கலும் இல்லை. "இனிமே நாங்க வரலக்கா" என்று முனகினாள்.

"வராம? நான் மட்டும் இந்த ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? சட்டத்தத் திருப்புங்கடி. ஊசில பச்சை நூல் கோத்துக் குடுங்க."

மரத்துக்கு வெளியே, வெறும் துணியில் ஆரம்பித்தாள். மடங்கிய விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஊசியைக் கவ்வவைத்து, ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துத் தைத்தாள். ஊசி விழும்போதெல்லாம் டீச்சர் எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மட்டும் அனுமதி. வெயில் இறங்கும்வரை இப்படியே போனது. கடைசியில் ஒரு இலை வந்தது. ஓரம் ஓடி, நடுவில் துணி தெரிந்து, ஆடு மேய்ந்ததைவிட மோசமாக இருந்தது. நூல் முனையை உள்ளே நுழைக்கப் பார்த்தாள், விரல் கேட்கவில்லை. அப்படியே தொங்கவிட்டாள். அதற்கப்புறம் அவள் ஊசி பிடிக்கவில்லை.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், சட்டத்திலிருந்து துணியைக் கழற்றப் போனாள்.

"விடு" என்றாள் டெய்லரக்கா. "இது இஸ்திரிக்குப் போனாலும் சரியாகாது."