செத்துப்போகாத செம்பேன்

போன வருஷம் சிதம்பரத்தில் விவசாய மேற்படிப்பு. கத்தரி இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செம்பேனை, முட்டையிலிருந்து பெரிசாகும்வரை ஒரு கட்டமும் விடாமல் பார்த்து எழுதச் சொன்னார் எங்கள் மேடம். முதலில் முடிப்பவருக்குக் கருத்தரங்கில் பேச வாய்ப்பு. கடலூரில் அப்பா அதற்குள் தெரு பூராவும் சொல்லிவிட்டார்: "எம் மவன் மேடையில பேசப் போறான்."

பக்கத்து மேசையில் என் ரூம்மேட், மங்கலம்பேட்டைக்காரன். ஆளுக்கொரு தட்டு; அதில் ஈரப்பஞ்சு, அதன்மேல் இலைத்துண்டு, அதன்மேல் பேன். இருவருக்கும் ஒரே செடி இலைதான். ஆனால் அவன் தட்டில் கல்யாண வீடு, என் தட்டில் இழவு வீடு.

என் முட்டையும் பொரித்தது. கண்ணாடி மணி மாதிரி உருண்டையிலிருந்து ஆறு காலோடு ஒரு குட்டி. கொஞ்சம் தின்றது. அப்புறம் காலை மடக்கி, வெளுத்து, அசையாமல் கிடந்தது. குப்பையில் போட்டேன். அடுத்ததும் அப்படியே. அவனோ, "மச்சான், எட்டுக் கால் வந்துடுச்சுடா!" என்று குதித்தான். எட்டும் என் நெஞ்சில் மிதித்தன. அவன் பஞ்சு காய்ந்துபோகட்டும் என்று நடராஜரை வேண்டினேன். அவரே ஒற்றைக் காலில் நிற்பவர், இந்தக் கால் தகராறில் தலையிடவில்லை.

அடுத்ததும் காலை மடக்கியது. தட்டைக் கவிழ்க்கப் போனேன். அவன் கையைப் பிடித்தான்.

"டேய், இன்னா பண்ற?"

"செத்துப்போச்சுடா."

"தோல் உரிக்கப் போவுது! ஒவ்வொரு வாட்டியும் இப்படித்தான் தூங்கும். இதுவரைக்கும் எத்தினி தூக்கிப் போட்ட?"

"ஜாஸ்தி இல்ல. எல்லாத்தையும்."

மறுநாள் தோல் பிளந்து எட்டுக் காலோடு வந்தது. மைக்ராஸ்கோப் வழியாகப் படம் எடுத்தேன். இன்னும் ரெண்டு தூக்கம் தாண்டி முழுப் பெண்ணாகி நின்றது: சிவந்த முட்டை வடிவ உடம்பு, பக்கத்துக்கொரு கரும்புள்ளி, முதுகில் நீளமயிர், இடுப்பு என்ற ஒன்றே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் என் சாயல்.

அதற்குள் அவன் எழுதி முடித்துவிட்டான். மேடையில், "தூங்குறதைச் செத்துதுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றான். கூட்டம் சிரித்தது. ஜோக்கு என் இலாகா, அதையும் பிடுங்கிக்கொண்டான். அடுத்து நான் எடுத்த பேன் படத்தைக் காட்டி, "இது என் மச்சான் எடுத்தது" என்று என்னைக் கைகாட்டினான். கை தட்டினார்கள். இவ்வளவு நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று இன்னும் எரிந்தது.

வெளியே வந்ததும் அப்பா போன். "பேசினியாடா?"

"என்னைப் பத்தியே பேசினாங்கப்பா."