குவைத்திலிருந்து அடித்த போன்

“குவைத்துல பாலைவனத்துல ஒட்டகம் மேய்க்கிறவனுக்கு ஃபுல் டவரு. இங்க ஹைவே ஓரத்துல குந்திக்கினு கீறோம், ஒரு கோடு நிக்க மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு நெட்வொர்க்கா? ஒரே பேஜாரு!”

ஆரம்பாக்கத்தில் தாஹா பாயின் வாயிலிருந்து இதைக் கேட்காதவர் கிடையாது. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு ஆளேற்றும் வேன் ஓட்டினார். ஏறினவர்கள் இறங்குவதற்குள் மூன்று நாட்டு டெலிபோனையும் சுற்றிக் காட்டிவிடுவார். இளவயதில் மலேசியா, அப்புறம் குவைத், இப்போது இங்கே. லைன் கிடைக்காதபோது பேசும் பதிவுக் குரல்களை அப்படியே செய்வார். மலேசியாக்காரி குழைவாள். குவைத்துக்காரி தொண்டையிலிருந்து அதட்டுவாள்.

“நம்மூர்க்காரி வாயே தொறக்க மாட்டா. பக்கத்தூட்டுக்காரி வந்து ‘க்ஷமிஞ்சண்டி’ன்னுவா!”

பக்கத்து வீடென்றால் ஆந்திரா; மன்னிக்கச் சொல்வதும் தெலுங்கில்தான். எல்லையோரம் என்பதால் அந்தப் பக்கத்துத் தடா ஊர் டவர் போனைக் கவ்விக்கொள்ளும். சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிமாநிலம் போன கணக்கு. வருகிற போனை எடுத்தாலும் காசு போகும். அதனால் அந்த ஊரில் போன் அடித்தால் எடுப்பதில்லை, யாரென்று பார்த்துவிட்டுத் துண்டிப்பார்கள்.

மகன் தௌஹீத் குவைத்துக்குப் போனபோதும் அதே ஏற்பாடுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அவன் நலம் என்று அர்த்தம். பாய் துண்டித்தால், பார்த்தாயிற்று என்று அர்த்தம். பேச வேண்டுமானால் எட்வர்டின் ரீசார்ஜ் கடையில் இருக்கும் லேண்ட்லைனுக்கு அடிப்பான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அடித்தது. “வந்துட்டான் பாரு உன் புள்ள” என்று மனைவி சைதாவிடம் காட்டிவிட்டுத் துண்டித்தார். உடனே மறுபடி அடித்தது. துண்டித்தார். மறுபடியும்.

“எடுத்துத்தான் பாருங்களேன்.”

“எடுத்தா டப்பு போவும். துரைக்கு இன்னிக்கு குஷி, வெளையாடுறாரு” என்று சிரித்துக்கொண்டே சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

அதற்கப்புறம் அடிக்கவில்லை.

அடுத்த வெள்ளியும் அடிக்கவில்லை. பிறகு எட்வர்டு கடைக்கு ஒரு போன் வந்தது. தௌஹீத்தோடு ஒரே அறையில் தங்கியிருந்த புதுவாயல் ஊர்ப் பையன் தானியேல் பேசினான்.

“பாய், போலீஸ் செக்கிங்ல தௌஹீத்தைப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. விசா முடிஞ்சிருச்சாம். வண்டில ஏத்தச் சொல்லோ உங்களுக்குத்தான் அடிச்சிக்கினே இருந்தான். ஏன் பாய் கட் பண்ணீங்க? அப்புறம் போனைப் புடுங்கிட்டாங்க. எந்த ஜெயில்னு தெரியல.”

பாய் மெட்ராசுக்கு அலைந்தார். மகனை அனுப்பிவைத்த ஏஜெண்டு கடையைக் காலி செய்திருந்தான். சர்க்கார் ஆபீசில் மனு வாங்கினவர்கள் விசாரிப்பதாகச் சொன்னார்கள், அடுத்த முறையும் அதையே சொன்னார்கள். தினமும் எட்வர்டு கடையிலிருந்து மகனின் நம்பருக்கு அடிப்பார். குவைத்துக்காரி வந்து அதட்டுவாள். அவள் பேசி முடிக்கும்வரை ரிசீவரை வைக்க மாட்டார்.

சைதா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஆலைக்குப் போகிறவர்களில் விஷயம் தெரியாத ராஜமாணிக்கம் என்பவன் ஒருநாள் வேனில் கேட்டான்: “பாய், அந்த குவைத்துக்காரி வாய்ஸு ஒரு தபா உடேன்!”

பாய் பேசினார். மூச்சு வாங்கும் இடம்கூடத் தப்பவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. வேனை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அதன்பின் எந்த நாட்டு நெட்வொர்க்கைப் பற்றியும் அவர் பேசிக் கேட்டவர் இல்லை.

வருஷங்கள் ஓடின. தகவல் இல்லை. புதிதாக வந்த ஒரு கம்பெனி சிம்மை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எட்வர்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இந்தா பாய், ஃபேன்சி நம்பரு. அந்தப் பழசைத் தூக்கிப் போடு. யாரு அடிக்கிறா அதுக்கு?”

பாய் வாங்கவில்லை.

“டேய் எட்வர்டு, அவன் போனைப் புடுங்கிக்கினாங்கோ, அதுல இருந்த நம்பரெல்லாம் பூட்ச்சு. அவன் மண்டைல கீறது இது ஒண்ணுதான். ஏர்போர்ட்ல உள்ள போற வரைக்கும் ஒப்பிக்க வெச்சிக்கினே இருந்தேன். இத்த நான் கடாசிட்டா, என்னிக்காவது அவன் அடிக்கச் சொல்லோ எவன்டா எடுப்பான்? நீயா?”