யானை வந்த நாட்களைத் தொகுத்த பேச்சியக்கா

அட்டப்பாடியில் புது வேலைக்காக ஆனைகட்டியில் பேருந்தை விட்டு இறங்கியபோது பேச்சியக்காவின் கணவர் ராசுவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, பேச்சி போயிட்டா. காலையில ஏழு மணிக்கு" என்றார். நான் எதுவும் கேட்காதபோதும், "பேசிக்கிட்டுத்தான் இருந்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சிறுநீரகம் பழுதாகிப் பல மாதங்களாகப் படுத்திருந்தவர். எதிர்பார்க்காத செய்தி இல்லை. ஆனாலும் அன்று போக வேண்டிய ஊர்களின் பட்டியலைக் கையில் பிடித்தபடி, எதற்கு வந்தேன் என்றே தெரியாமல் நின்றேன்.

மறையூர் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

காட்டு யானை எந்தத் தடத்தில் எப்போது வரக்கூடும் என்று கணித்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் சிறு குழு எங்களுடையது. கணிக்கும் நிரலை எழுதுவது என் வேலை. அதற்கு வேண்டிய தரவோ மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கிடந்தது. தோட்ட அலுவலகங்கள் பதிந்தவை, வாச்சர்கள் எனப்படும் வனக்காவலர்களின் குறிப்புகள், தொலைபேசியில் வந்த புகார்கள். ஒரே மலைச்சரிவுக்கு ஒன்றில் எண், ஒன்றில் மலையாளப் பெயர், இன்னொன்றில் தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர். இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, ஒன்றாக்கி, கணிப்புக்கு ஏற்றபடி திருத்தித் தந்தவர் பேச்சியக்கா. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தட்டச்சு வேலைக்கு வந்தவர்.

நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து சேர்ந்த புதிது. பதிவே இல்லாத நாட்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன். அக்கா திரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம பூராம் சைபராக் கெடக்கே. யான ஞாயித்துக்கிழம லீவு போடுமா தம்பி?"

"எழுதலைன்னா வரலைன்னுதானுங்களே அக்கா அர்த்தம்?"

"எழுத ஆளு வரல. ரெண்டும் ஒண்ணா?"

அந்தப் பூஜ்யங்களை எல்லாம் எடுத்துவிட்டு, 'தெரியாது' என்று குறித்தோம்.

அடுத்தது சொல்லக் கூசுகிறது. சோதனை ஓட்டம் தொடங்க இரண்டு நாள் இருந்தது. இரட்டைப் பதிவுகளை நீக்க ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினேன். நீக்கப்பட்ட வரிகளை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இத ஏன் எடுத்தீக?"

ஒரே தேதி, ஒரே சரிவு, ஒரே நேரம். இரண்டு வரியிலும் 'மரணம் ஒன்று'.

"ஒரே சேதிய ரெண்டு தடவ ஏத்திட்டாங்கக்கா."

"இல்ல தம்பி. இது ரெண்டு ஆளு. ஒண்ணு வாச்சர் மாடசாமி. இன்னொண்ணு, அவரத் தூக்கப் போன எங்கப்பா."

அவர் அழவில்லை. அந்த வரியைத் தன் கையாலேயே திரும்பச் சேர்த்தார். "பேரு வேணாம். எண்ணிக்கையில இருக்கட்டும்" என்றார். பிறகு, "மத்ததையும் பாத்துருவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோதனை ஓட்டம் தள்ளிப்போனது. மேலிடத்தில் ஏச்சு வாங்கினோம். ஆனால் நான் தூக்கியெறிந்த வரிகளில் பல தனித்தனிச் சம்பவங்கள் என்று தெரிந்தது. அவற்றைச் சேர்த்துக் கணித்தபோது, முன்பு ஆபத்தில்லை என்று காட்டிய ஒரு பாதை விடியற்காலையில் ஆபத்தானதாக மாறியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொளுந்து எடுக்கப் போகும் பாதை அது.

மழை விட்ட பின் ஒரு காலை அந்தப் பாதைக்கு எச்சரிக்கை போனது. பெண்கள் சுற்றுவழியில் போனார்கள். வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால், செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. சாணம் ஈரமாக இருந்தது. நான் துள்ளினேன். அக்கா, "இத மட்டும் எழுதிராதீக. நேத்து வரும்னு சொன்னோம், வரல. அதயும் ஏத்துங்க. நாம தப்புனத மறைச்சா, அப்புறம் நெசத்தச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாக" என்றார்.

அவர் அப்பாவின் வரியை நீக்கியதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவரோ நான் அட்டப்பாடிக்கு மாறுவதைப் பற்றியே பேசினார். "அகளிப் பக்கம் எடத்துப் பேரெல்லாம் வேறயா இருக்கும். அங்க உள்ளவகளக் கேட்டுக்கோங்க, நீங்களா முடிவு பண்ணாதீக." தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு முறை வரலாம் என்று நினைத்தேன்.

அடக்கத்தன்று ஓய்வுபெற்ற வாச்சர் ஒருவர் என் அருகே வந்தார். "கம்ப்யூட்டர் தம்பி நீங்கதான? போன வாரம் பேச்சி ஆசுபத்திரியிலேருந்து போன் போட்டுச்சு. என்னைக்கோ ஒரு நாளச் சொல்லி, யான வந்துச்சா, இல்ல நீரு பாக்கப் போவலயான்னு கேட்டுச்சு. ஞாபகம் இல்ல தாயின்னேன். சரி, அதயே எழுதிக்கிடுதேன்னுச்சு."

அலுவலகம் திரும்பி, அவர் கடைசியாக அனுப்பிய கோப்பைத் திறந்தேன். அந்த நாளுக்கு எதிரே, குறிப்புக்கான கட்டத்தில் இருந்தது: 'கேட்டேன். நினைவில்லை என்றார்.' அதற்கு மேலும் கீழும் அப்படியே எத்தனையோ கட்டங்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கோப்பு. தெரியாது என்று எழுதுவதற்கு முன் ஒருவரையாவது கேட்டுவிடும் பழக்கமும்.