கோலுக்குள் ஒளித்து வைத்த ஆள்

மதியம் பன்னிரண்டுக்கு ஆம்பூரில் இறங்கினேன். சென்னையிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேஷன் வாசலிலேயே தோல் பதனிடும் டேனரிகளின் வாடை மூக்கில் ஏறியது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பழகியும் விட்டது.

எங்கள் அரசு அலுவலகக் கால்பந்து அணிக்குக் கோல் போட ஓர் ஆள் தேவை. தேறினால் நிரந்தர வேலை. இங்கே ஒரு டேனரியில் தினக்கூலியாக இருக்கும் ஏழுமலை பெரிய கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டு, அன்று மாலை அந்த டேனரி அணி ஆடும் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவனைப் பார்க்க வந்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஜட்கா வண்டிக்காரரிடம் அவனைப் பற்றி விசாரித்தேன்.

"இன்னா சார், ஆள் புடிக்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

நாலு மணிக்கு மைதானம் போவதற்குள் செய்தி டேனரி முதலாளி ஹமீது பாயின் காதுக்கு எட்டிவிட்டது. மனிதர் ஏழுமலைக்குக் கையுறை மாட்டிக் கோல்கீப்பராக நிறுத்திவிட்டார்! அவன் ஆட்டம் என் கண்ணில் படக்கூடாதாம். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

எதிரணி வாணியம்பாடிக்காரர்கள். அந்த ஒரு ஆட்டத்துக்கென்றே பெங்களூரிலிருந்து இரண்டு பேரைக் கூலி பேசிக் கூட்டி வந்திருந்தார்கள். இடைவேளைக்குப் பின் அவர்களில் ஒருவன் கோல் போட்டான். கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"பேஜார் பண்ணாதீங்க பாய்! ஏழுமலைய முன்னால அனுப்புங்க!"

பாய் என்னைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கத்தினார்: "டேய் ஏழுமலை, முன்னால போடா!"

அவன் வேறொருவனிடம் கையுறையையும் ஜெர்சியையும் கொடுத்துவிட்டு ஓடினான். அடடா, என்ன ஆட்டம்! தடுக்க வந்தவர்கள் இடதுபக்கம் சாய, பந்து வலதுபக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோல். கடைசி விசிலுக்குச் சற்று முன் இன்னொன்று. எந்த ஊர்க்காரன் என்பதை மறந்து நானும் கத்தினேன்.

ஆட்டம் முடிந்து வேலையைப் பற்றிச் சொன்னேன். ஏழுமலை முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"பாய் சொன்னா வர்றேன் சார்."

"போடா. பர்மனென்ட் வேலைடா, நான் குடுக்காதது" என்றார் பாய். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

மாலை வண்டிக்குப் பாய் ஸ்டேஷன் வரை வந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். நான் பண்ண மாதிரி அங்க யாரும் அவன கோல்ல நிறுத்திடக் கூடாது."

எங்கள் அணியில் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்யும் அதிகாரி பந்தைக் காலால் தொட்டதே இல்லை. அதைப் பாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.