எங்க மாமாவோட எஸ்.ஈ.ஓ.

பைக்காரா ரோட்ல இருக்கற தன் டீக்கடை, நெட்ல தேடினா முதல் பக்கத்துல வரணும்னு எங்க மாமா மூணு மாசமா எஸ்.ஈ.ஓ. பண்றார்.

பண்ணி என்ன, கடையில ஈ ஓட்டறார். ஊட்டிக் குளிருக்கு அந்த ஈயும் வர்றதில்லை.

"இந்த வாரமும் இப்படின்னா, மூடிட்டு எஸ்டேட் வேலைக்கே போயிடறேன் மாப்ளே"ன்னார் இன்னிக்கு.

அந்நேரம் பாத்து மிஸ்ட், அதான் பனிமூட்டம், இறங்குச்சு. ஒரு போட்டோ எடுத்து, "பைக்காரா ரோட்ல இப்ப செம மிஸ்ட். மாமா கடையில சூடா டீ"ன்னு நெட்ல போட்டேன்.

பத்தே நிமிஷம். "பைக்காரா மிஸ்ட்"னு தேடினவங்களுக்கு எங்க போட்டோதான் முதல்ல. வாசல்ல ஏழு கார்.

அரைமணியில வெயில் அடிச்சுது. தேடல்லயும் எங்களைக் காணோம்.

மாமா வானத்தைப் பாத்துக்கிட்டே கேக்கறார்: "அடுத்த மிஸ்ட் எப்ப மாப்ளே?"

கூடலூர்ப் பக்கம் இருக்கறவங்களே, மேகம் எங்க பக்கம் கிளம்பினா கமெண்ட்ல சொல்லுங்க. பாலைக் காய வைக்கணும்.